ஒடுக்கு

இரண்டு ஆண்டுகளாக என் காருக்கு அடியில் ஓர் அட்டை விரித்துக் கிடந்தது. அட்டையில் ஒரு பொத்தான் அளவுக்குச் சிவப்புக் கறை விழும். வாரக் கடைசியில் அது உள்ளங்கை அளவாகும். நான் பானெட்டைத் திறந்து, மூடியைத் திருகி, அதில் தொங்கும் அளவுக்குச்சியைத் துடைத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றிவிட்டு மூடிவிடுவேன். வண்டி பழையது, ஒழுகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தச் சமாதானத்தை ஒரு பெருமை போலவே சொல்வோம். ஒழுகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்பது எங்களுக்குள் புழங்கும் தேய்ந்த நகைச்சுவை.

கார் 1974 ஆம் ஆண்டின் செவ்ரோலே நோவா. 350 கன அங்குல வி-8 எஞ்சின், எண்ணெய் அழுத்தத்தின் உதவியால் லேசாகத் திரும்பும் பவர் ஸ்டீயரிங். ஒழுகியது அந்த பவர் ஸ்டீயரிங் பம்ப். அதை நான் இரண்டு முறை பழுது பார்த்தேன். முதல் முறை பழுதே இல்லாத பாகத்தை மிகச் சுத்தமாக, மிக ஒழுங்காக மாற்றினேன். அந்தக் கதையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்த பம்ப் இது. அந்தக் கால அமெரிக்கக் கார்களில் மட்டுமல்ல, ஜாகுவார், ரோல்ஸ்-ராய்ஸ் கார்களிலும் இதே குடும்பத்துப் பம்புகள் உண்டு. எஞ்சினின் இடப்பக்க முன்முனையில், தாழ்வாக, பெல்ட்டில் சுழலும். பார்வைக்கு ஒரு கறுப்புத் தகர டப்பா. நிஜமான பம்ப் அந்த டப்பாவுக்குள் எண்ணெயில் முழுகியிருக்கிறது. வார்ப்பிரும்பில் செய்த உடல், அதன் மேல் தொப்பி மாட்டியது போல் பின்னாலிருந்து செருகிய தகரத் தொட்டி. தொட்டியின் வாய் உடலைச் சந்திக்கும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஒரு பெரிய ஓ-ரிங். பின்புறத்தில் தொட்டியைத் துளைத்துக்கொண்டு இரண்டு போல்ட்டுகளும் அழுத்தக் குழாயின் இணைப்பும் உள்ளே போகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஓ-ரிங். முன்னால் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல்.

சிக்கனமான வடிவமைப்புதான், மறுக்கவில்லை. தனித் தொட்டி வேண்டாம், தொட்டியிலிருந்து பம்புக்கு உறிஞ்சு குழாய் வேண்டாம். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எந்த ஓட்டையிலிருந்து கசிந்தாலும் எண்ணெய் தொட்டியின் உருண்ட வயிற்றைத் தழுவிக்கொண்டு வழிந்து, எல்லாவற்றுக்கும் தாழ்வான ஒரே இடத்தில் வந்து தொங்கும். என் காரில் அந்த இடம் முன்புறம், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குச் சற்றுப் பின்னால். அதாவது ஆயில் சீலுக்கு நேர் கீழே.

உள்ளே நடப்பது அழகான வேலை. ஷாஃப்ட்டில் ஒரு சுழலி, அதன் விளிம்பில் பத்துப் பிளவுகள், ஒவ்வொரு பிளவிலும் நழுவி வெளியே வரக்கூடிய ஒரு சின்ன எஃகுத் தகடு. சுற்றியிருக்கும் வளையத்தின் உட்புறம் சரியான வட்டம் அல்ல, இரு பக்கம் இழுத்த நீள்வட்டம். சுழலும்போது தகடுகள் வெளியே பாய்ந்து வளையத்தை உரசிக்கொண்டே போகும். இடம் விரியும்போது எண்ணெயை உறிஞ்சும், இடம் குறுகும்போது வெளியே தள்ளும். ஒரு சுற்றில் இரண்டு முறை உறிஞ்சல், இரண்டு முறை தள்ளல், அவையும் எதிரெதிரே. அதனால் ஷாஃப்ட்டை ஒரே பக்கமாக அழுத்தும் விசை இல்லை, இரு பக்க அழுத்தமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். 1925 இல் ஹாரி விக்கர்ஸ் உருவாக்கிய ஏற்பாடு இது. அதற்கு அடுத்த ஆண்டு, பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங்கைத் தன் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கார் நிறுவனங்கள் பாராட்டின, ஆனால் செலவைக் கணக்குப் பார்த்துப் பின்வாங்கின. ஒரு கார் நிறுவனம் அதை ஷோரூமில் வைத்து விற்கக் கால் நூற்றாண்டு ஆனது. 1951 இல் கிரைஸ்லர் இம்பீரியல், அடுத்த ஆண்டு காடிலாக். அதற்குள் டேவிஸின் முதல் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. இந்தத் தகவலைப் படித்த நாளிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு வாஞ்சை. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

சரி, ஒழுகலுக்கு வருகிறேன்.

முதலில் நான் செய்தது சோம்பேறி வைத்தியம். கடைகளில் கசிவை நிறுத்தும் திரவம் என்று ஒரு புட்டி கிடைக்கும், வாங்கி ஊற்றினேன். கெட்டிப்பட்ட ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கிச் சற்று உப்ப வைக்கும் பொருள் அதில் இருக்கிறது. லேசாகக் கெட்டிப்பட்ட சீலாக இருந்தால் சில மாதங்கள் தாக்குப் பிடிக்கலாம். எனக்குப் பத்து நாள்கூடப் பிடிக்கவில்லை.

பிறகு எண்ணெய் சிவப்பாக இருக்கிறதே, இது கியர்பாக்ஸ் எண்ணெயாக இருக்குமோ என்று ஒரு வாரம் அலைக்கழிந்தேன். யாரோ முன்னொரு காலத்தில் பவர் ஸ்டீயரிங்குக்கு தானியங்கி கியர்பாக்ஸின் சிவப்பு எண்ணெயையே ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கால வண்டிகளில் அது பெரிய பிழை அல்ல, ஆபத்தும் இல்லை. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுவதுதான் கொலை. பிரேக் ஆயிலும் பவர் ஸ்டீயரிங் ரப்பரும் ஜென்மப் பகையாளிகள். ஒரு முறை ஊற்றினால் பம்ப், ஸ்டீயரிங் பெட்டி, ஹோஸ்கள் எல்லாவற்றின் ரப்பரும் ஊதிப் பாழாகிவிடும்.

மூன்றாவதாகத்தான் பம்பின் மேல் கை வைத்தேன். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது புல்லிக்குப் பின்னால் ஈரம், அதற்குக் கீழே தொங்கும் சொட்டு. புல்லி தெளித்த எண்ணெய் சுற்றுவட்டாரம் முழுவதும் படிந்திருந்தது. ஷாஃப்ட் சீல் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். சாட்சி ஒன்றே ஒன்று, அந்தச் சொட்டு.

சீலை மாற்றும் வேலையைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதைச் சரியாகச் செய்தேன். அந்தக் காலத்து இந்தப் பம்பில் புல்லி ஷாஃப்ட்டின் மேல் இறுக்கமாக அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது, நட்டு கிடையாது. இரண்டு கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்தால் தகரப் புல்லி வளைந்து கோணிவிடும். சுத்தியலால் தட்டினால் அந்த அடி உள்ளே இருக்கும் தகடுகளுக்கும் சுழலிக்கும் போய்ச் சேரும். புல்லியின் நடுக்குமிழில் ஒரு பள்ளம் சுற்றி வருகிறது. அதைக் கவ்விப் பிடிக்கிற தனிப் புல்லர் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். மறுபடி ஏற்றவும் தனிக் கருவி உண்டு. அது ஷாஃப்ட்டின் நடுவிலிருக்கும் மரையில் திருகிக்கொண்டு புல்லியை மெல்ல உள்ளே தள்ளும்.

புல்லி வந்ததும் சீல் கண்ணுக்குத் தெரியும். எட்டில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகட்டை ஷாஃப்ட்டைச் சுற்றிச் சுருட்டி, சீலின் உதட்டுக்குக் கீழே செருகினேன். உளி வழுக்கினாலும் ஷாஃப்ட்டில் கீறல் விழக்கூடாது என்பதற்கான கவசம் அது. பிறகு சீலின் இரும்பு வளையத்தை உளியால் வெட்டி, ஒரு பக்கம் மடக்கிப் பிடுங்கினேன். ஷாஃப்ட்டில் சீல் உரசிய இடம் கண்ணாடி போலப் பளபளத்தது. நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, சுருள்வளையம் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கும்படி வைத்து, சரியான அளவு சாக்கெட்டால் நேராகத் தட்டி இறக்கினேன். கோணல் இல்லை, பிசிறு இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அந்த மரியாதை பத்தொன்பது நாள் நீடித்தது. இருபதாம் நாள் அட்டையில் ஒரு பொத்தான்.

பிடுங்கிப் போட்ட பழைய சீலை எடுத்து மறுபடி பார்த்தேன். உதடு மிருதுவாக இருந்தது, வெட்டோ விரிசலோ இல்லை. அதை அன்றே கவனித்திருக்க வேண்டும். இன்னொரு தடயமும் மாதக்கணக்கில் என் கண் முன்னாலேயே இருந்தது. எண்ணெய் எப்போதும் ஒரே அளவில் வந்து நின்றுவிடும். முழுதாக ஊற்றினால் முதல் வாரம் அட்டை நனையும், இரண்டாம் வாரம் குறையும், பிறகு கிட்டத்தட்ட நின்றே போகும். குச்சியில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதே கோடு. ஷாஃப்ட் சீல் தாழ்வான இடத்தில் எப்போதும் எண்ணெயில் நனைந்தே இருப்பது. அது கசிந்தால் அந்தக் கோட்டில் நின்றிருக்காது. தொட்டியின் நடு உயரத்தில், அந்தக் கோட்டுக்குச் சமமாக எங்கேயோ ஒரு வழி திறந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். ஒழுகல் தானாகக் குறைவதைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, ஏன் குறைகிறது என்று யோசிக்கவில்லை. அந்த அளவுக்கு இறங்கியதும் வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பம்ப் முனகும். காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிற சத்தம் அது. உடனே ஊற்றுவேன், மறுபடி ஒழுகும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இந்த வகைப் பம்புகளை வாழ்நாள் முழுவதும் பிரித்துக் கோத்தவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சீலை மாற்றுவதற்கு முன்னால் பம்பைக் கழுவினீர்களா, தம்பி?"

"துடைத்தேன், ஐயா."

"துடைத்தால் போதாது. கழுவிக் காயவைத்துப் பவுடர் போடுங்கள். முகத்துக்குப் போடுகிறோமே, அதே பவுடர்." சற்று நிறுத்தினார். பிறகு, "பெல்ட்டை எப்போதாவது இறுக்கினீர்களா?"

"இறுக்கினேன். இரண்டு வருஷம் இருக்கும். கீச்சென்று சத்தம் போட்டது."

"எதில் வைத்து நெம்பினீர்கள்?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு நெம்புகோலைச் செருகி, கறுப்பு டப்பாவின் மேலேயே சாய்த்து வைத்து நெம்பினேன். கைக்கு வாகாக அங்கேதான் இடம் இருந்தது.

"முதலில் பவுடரைப் போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கிரீஸ் கரைக்கும் திரவத்தைத் தெளித்து, தூரிகையால் தேய்த்து, தண்ணீரால் அலசி, பம்ப் முழுவதையும் காயவைத்தேன். எண்ணெயை முழு அளவுக்கு ஊற்றினேன். பிறகு பஞ்சை வைத்துப் பவுடரைத் தட்டித் தட்டி டப்பா, புல்லியின் பின்புறம், ஹோஸ்கள், தாங்கிகள் எல்லாம் வெள்ளையாகும்படி பூசினேன். எஞ்சினை ஓட்டவில்லை. ஓட்டினால் புல்லி தெளித்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சீலைச் சுற்றி உலர்ந்த வெள்ளை. பின்புற போல்ட்டுகளைச் சுற்றி உலர்ந்த வெள்ளை. நேராகப் பார்த்தால் தெரியாத எஞ்சின் பக்கத்துக்குக் கண்ணாடியைத் திருப்பினேன். தொட்டியின் வாய் விளிம்பில், கிட்டத்தட்ட நடு உயரத்தில், பவுடர் ஒரு கடுகளவுக்கு நிறம் மாறியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கடுகு மிளகானது. பிறகு அதன் கீழ் விளிம்பு கனத்துத் தொங்கி, வெள்ளையைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது. டப்பாவின் வளைவைப் பற்றிக்கொண்டே முன்னோக்கிச் சாய்ந்து, அடிவயிற்றுக்கு வந்து, நான் மாற்றிய புதுச் சீலுக்கு நேர் கீழே நின்று, உருண்டு திரண்டு, சொட்டாகி, என் கன்னத்தில் விழுந்தது.

அந்தக் கோடு தொடங்கிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் தகரத்தில் ஓர் ஒடுக்கு. நெம்புகோலின் முனை அளவு.

இந்த முறை பம்பை முழுவதுமாகக் கழற்றினேன். பாட்டரியைத் துண்டித்து, முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, புல்லியை எடுத்து, அடியில் பாத்திரம் வைத்து ஹோஸ்களைக் கழற்றினேன். அழுத்தக் குழாயின் நட்டைக் கழற்றும்போது பம்பிலிருக்கும் பெரிய இணைப்பை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குப் பதில் இணைப்பு திரும்பி வரும், அல்லது குழாய் முறுக்கிக்கொள்ளும். திரும்பு ஹோஸிலிருந்து வந்த எண்ணெய் பழுப்பாக, அடியில் சன்னமான கறுப்பு வண்டலோடு இருந்தது. அந்த வண்டலில் பாதி ரப்பர்.

பின்புற இணைப்பைத் திருகி எடுத்ததும் அதற்குப் பின்னாலிருந்து ஒரு உருளை வால்வும் அதன் ஸ்பிரிங்கும் நழுவி வந்தன. எஞ்சின் மெதுவாக ஓடும்போதே ஸ்டீயரிங்குக்குப் போதுமான எண்ணெய் தர வேண்டும் என்பதற்காகப் பம்பைத் தாராளமாகச் செய்திருக்கிறார்கள். வேகம் ஏறினால் தேவைக்கு மேல் எண்ணெய் வரும். உபரியை உள்ளேயே திருப்பி விடுவது இந்த வால்வின் வேலை. அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் சின்னப் பாதுகாப்பு வால்வும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் இந்தப் பம்புகளில் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டி அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். கடைசி வரை திருப்பிய ஸ்டீயரிங்கைச் சில நொடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஆனால் அந்த அழுத்தம் எல்லாம் அழுத்தக் குழாய்ப் பக்கம் மட்டும். டப்பாவில் இருப்பது வெறும் எண்ணெயின் கனம். அவ்வளவு சாதுவான எண்ணெய்தான் என்னை இரண்டு ஆண்டு ஆட்டிவைத்தது.

போல்ட்டுகளை எடுத்துவிட்டு, டப்பாவின் விளிம்பை ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். முதலில் அசையவில்லை, பிறகு பொக்கென்று ஒரு சத்தத்தோடு கழன்றது. பெரிய ஓ-ரிங் உடலின் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தூக்கினேன். ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும். இது நாடா போலத் தட்டையாகிவிட்டது. வளைத்தேன், இரண்டாக ஒடிந்தது. ரப்பர் ஒடிகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.

கதை இப்போது முழுதாகத் தெரிந்தது. ஐம்பது ஆண்டுச் சூட்டில் ஓ-ரிங் கெட்டிப்பட்டுத் தட்டையாகி, தகரத்தோடு ஒட்டி எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. மிருதுவான ஓ-ரிங்காக இருந்திருந்தால் என் ஒடுக்கைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கும். நேரான தகரமாக இருந்திருந்தால் கெட்டி ஓ-ரிங்கும் இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். நான் நெம்பியதுதான் இரண்டையும் பிரித்தது.

இவ்வளவு தூரம் பிரித்தபின் உள்ளே பார்க்காமல் மூட மனம் வரவில்லை. பின்மூடியை ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கிறது. உடலின் பக்கவாட்டில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். அதில் மெல்லிய இரும்புக் கம்பியை விட்டு அழுத்தினால் வளையம் பள்ளத்திலிருந்து சற்று எழும்பும், அந்த இடைவெளியில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து வளையத்தை உருவிவிடலாம். முதல் முறை பிரிப்பவர்கள் இந்தத் துளையைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் போராடுவார்கள். வளையம் வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்மூடியைத் தூக்கிக் கொடுக்கும். அதன் பின் அழுத்தத் தகடு, வளையம், பத்துத் தகடுகள், சுழலி. உள்ளே ஒரு மூலையில் ஒரு சின்னக் காந்தமும் இருந்தது. எண்ணெயில் வரும் இரும்புத் துகளைப் பிடிப்பதற்கு. அதில் மீசை முளைத்தது போல் சன்னத் துகள் ஒட்டியிருந்தது. வயதுக்கு அது அதிகம் இல்லை. வளையத்தின் உட்புறத்தில் லேசான பளபளப்பு மட்டும், அலையலையான தேய்மானம் இல்லை. ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் அங்கே ஆட்டம் தெரியும். ஆட்டம் இருக்கும் ஷாஃப்ட்டில் எந்தச் சீலும் நிலைக்காது, நாளுக்கொரு சீலாக மாற்றிக்கொண்டே இருக்கலாம். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதுதான் புஷ்ஷைத் தின்னும். அந்த ஒரு பாவத்திலிருந்து மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒடுக்கைத் தட்டி நேராக்கலாமா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். ஓ-ரிங் உட்காரும் விளிம்புக்கு அவ்வளவு அருகில் இருந்ததால் எவ்வளவு தட்டினாலும் அலை மிஞ்சும் என்று பட்டது. இந்தப் பம்புக்குப் புதுத் தொட்டி தனியாகவே கிடைக்கிறது. வாங்கும்போது எண்ணெய் ஊற்றும் கழுத்தின் உயரமும் சாய்வும், திரும்பு குழாய் வெளியே வரும் கோணமும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் வண்டிக்கு வண்டி மாறும்.

கோப்பதில் கவனம் வேண்டிய இடங்கள் இரண்டுதான். தகடுகள் உரசும் வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கிறது, அது பின்புறம் பார்க்க வேண்டும். தகடுகளின் ஒரு முனை உருண்டும் மறு முனை தட்டையாகவும் இருக்கும். உருண்ட முனை வெளியே, வளையத்தைத் தொடும்படி. பத்தில் ஒன்பதைச் சரியாகப் போட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டாலும் அது வளையத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். நான் பத்தையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

தொட்டியை ஏற்றும்போதுதான் மறுபடி மண்ணைக் கவ்வினேன். பின்புறத்தின் சின்ன ஓ-ரிங்குகள் உடலில் உள்ள குழிகளில் உட்கார்ந்திருக்க, அவற்றின் மேல் தொட்டி வந்து அமர வேண்டும். பெரிய ஓ-ரிங்குக்கு எண்ணெய் தடவி, தொட்டியை அழுத்தி இறக்கி, போல்ட் துளை வழியே எட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன ஓ-ரிங் குழியிலிருந்து நழுவிப் பிறை நிலா போல எட்டிப் பார்த்தது. அப்படியே இறுக்கியிருந்தால் நசுங்கி, இன்னொரு இரண்டாண்டு அட்டைக்கு வழி செய்திருக்கும். மறுபடி கழற்றி, குழிகளில் கொஞ்சம் வாசலின் தடவி ஓ-ரிங்குகளை ஒட்டவைத்து, பம்பைச் செங்குத்தாகப் பிடித்து இறக்கினேன். இந்த முறை அசையவில்லை.

காரில் மாட்டும் முன் இரண்டு வாய்களையும் அடைத்து, எண்ணெய் ஊற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரவு முழுவதும் நிறுத்திவைத்தேன். இரவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலையில் தாள் தாளாகவே இருந்தது.

மாட்டியபின் காற்றை வெளியேற்றும் வேலை. எண்ணெய் ஊற்றிவிட்டு, பெல்ட் போடும் முன் புல்லியைக் கையால் பின்னோக்கி, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராக, குமிழிகள் வருவது நிற்கும்வரை சுற்றினேன். பிறகு பெல்ட். இந்த முறை நெம்புகோலைப் பம்பின் தடித்த தாங்கியில் வைத்தேன், டப்பாவின் பக்கமே கொண்டுபோகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இறுக்கி நிறுத்தினேன். முன் சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில், எஞ்சினை ஓட்டாமல், ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக இருபது முப்பது முறை திருப்பினேன். இடையிடையே எண்ணெய் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு எஞ்சினை ஓட்டிவிட்டால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் அடித்து நுரையாக்கிவிடும். எண்ணெய் வெளுத்து, மூடி வழியே பொங்கி வழியும், பம்ப் ஊளையிடும். நுரைத்துவிட்டால் என்ன செய்தாலும் பயன் இல்லை, அணைத்துவிட்டு நுரை அடங்கும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

எனக்கு நுரைக்கவில்லை. எஞ்சினை ஓட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பினேன். முனகல் இல்லை. மூடியைத் திறந்து குச்சியைப் பார்த்தேன், எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அந்தப் பழைய டப்பாவை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். மேசை மேலேயே இருக்கிறது என்றேன். நெம்புகோலையும் அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்.

அன்று மாலை பம்பை மறுபடி கழுவிக் காயவைத்துப் பவுடர் பூசினேன். இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. தூசி படிந்து வெள்ளை கொஞ்சம் மங்கிவிட்டது. நேற்றும் கண்ணாடியைச் செருகி எஞ்சின் பக்கத்து விளிம்பைப் பார்த்தேன். பவுடர் அங்கேயே உலர்ந்து இருக்கிறது, நான் இன்னும் அதைத் துடைக்கவில்லை.